மணியாச்சி வானத்தில் ஒரு கரிச்சாக்கு: இருண்ட மேகங்கள் எக்ஸ் கதிரை மறைப்பது எப்படி?

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று 20 வருஷத்துக்கும் மேல் விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்துக்கு வந்து தீர்ப்பு சொன்னது ஒரு நிழல்.

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் நாட்கள். இரவு ஒன்பது, ஒன்பதரை மணி. மதுரை - திருநெல்வேலி தண்டவாளத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கிளை பிரியும் வாஞ்சி மணியாச்சி ஜங்ஷன். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஸ்டேஷன் விளக்குகளைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் தெற்கே திரும்பிப் பாருங்கள். மலை இல்லை, மாடி வீடு இல்லை. நிலமும் வானமும் ஒட்டும் கோடு வரை எல்லாம் திறந்து கிடக்கும்.

அந்தக் கோட்டுக்கு மேலே, கையை நீட்டி விரல்களை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில், நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். நம் ஊரில் திரிசங்கு என்பார்கள். ஆங்கிலத்தில் தெற்குச் சிலுவை. நிலா இல்லாத, தூசி குறைந்த இரவாக இருந்தால் சிலுவைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் தெரியும். தெரியும் என்பதைவிட, 'தெரியாது' என்பதே சரி. பால்வீதியின் மங்கிய வெளிச்சத்துக்கு நடுவே யாரோ கரியைப் பூசிய மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. பத்துப் பன்னிரண்டு முழு நிலாக்களை வரிசையாக அடுக்கினால் வருகிற அகலம் அதற்கு.

அதன் சர்வதேசப் பெயரைத் தமிழில் சொன்னால் கரிச்சாக்கு. விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் வேலிக்காத்தானை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுகிறார்களே, அதே சாக்குதான். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கிருந்து பார்த்தால் இந்தத் திட்டு அடிவானத்துக்கு மேலே ஏறவே ஏறாது.

இது என்ன, வானத்தில் விழுந்த ஓட்டையா? அப்படித்தான் நினைத்தார்கள்.

ஓட்டை இல்லை, மூட்டம்

18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியால் வானத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவும்போது விருச்சிகத்தில் நட்சத்திரமே இல்லாத ஒரு வெற்றிடத்தைக் கண்டார். வானத்தில் ஓட்டை என்பது அவர் முடிவு. நூறு வருஷத்துக்கு மேல் அது நிலைத்தது. அமெரிக்காவின் எட்வர்ட் எமர்சன் பர்னார்டும் முதலில் அப்படித்தான் நம்பினார். பால்வீதியை வருஷக்கணக்கில் புகைப்படம் எடுத்து எடுத்துத்தான் அவருக்கு சந்தேகம் வந்தது. 1919இல் 182 கறுப்புத் திட்டுகளை அவர் பட்டியல் போட்டார்.

ஓட்டை வாதத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே நமக்கு வெற்றிடம் தெரிய வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு சுரங்கம் நேராக நம்மைக் குறிபார்த்து இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் தற்செயல் எனலாம். நூற்றுக்கணக்கான சுரங்கமும் பூமியைக் குறிபார்த்தே இருக்குமா? இருக்காது. அப்போது நடுவில் ஏதோ குறுக்கே நிற்கிறது. நட்சத்திரங்களுக்கு இடையே ஒளியை விழுங்கும் தூசி பரவிக் கிடக்கிறது என்பதை 1930இல் ராபர்ட் டிரம்ப்லர் அளந்தே காட்டினார்.

அந்தக் குறுக்கே நிற்கும் பொருள்தான் விண்மீனிடை மேகம். பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயு. எடையில் சுமார் 1 சதவீதம் மட்டுமே தூசி. தூசி என்றால் கரிசல் காட்டுப் புழுதி மாதிரிகூட இல்லை. ஒரு துகள் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. புகைத் துகளின் அளவு. கார்பனும் மணலின் இனத்தைச் சேர்ந்த சிலிக்கேட்டும் கலந்தது. ஆக, கரிமூட்டப் புகைக்கும் கரிச்சாக்கு மேகத்துக்கும் பெயரில் மட்டும் இல்லை, சரக்கிலும் கொஞ்சம் உறவு உண்டு. சூடுதான் நேர் எதிர். மேகத்தின் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே 250, 260 டிகிரி செல்சியஸ்.

ஒரு தமிழர் போட்ட கணக்கு

இந்த மேகங்கள் ஒளியை மறைப்பதைக் கணிதமாக எழுதியவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயர் வந்தாலே வெள்ளைக் குறு விண்மீன், 'சந்திரசேகர் எல்லை', 1983 நோபல் என்று போய்விடுவோம். ஆனால் 1950 முதல் 1952 வரை கைடோ மியூன்ச் என்பவருடன் சேர்ந்து அவர் வரிசையாக சில கட்டுரைகள் எழுதினார். தலைப்பு, பால்வீதியின் பிரகாசத்தில் இருக்கும் ஏற்ற இறக்கங்கள் பற்றியது.

கேள்வி ரொம்ப எளிமை. பால்வீதி ஏன் ஒரே சீராக ஒளிராமல் திட்டுத்திட்டாக இருக்கிறது? சோவியத் விஞ்ஞானி அம்பார்ட்சூமியன் ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருந்தார். நடுவில் மேகங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு திசையில் பார்த்தால் மூன்று மேகம் குறுக்கே வரும், பக்கத்துத் திசையில் ஏழு வரலாம், இன்னொன்றில் ஒன்றுகூட இருக்காது. நாலு வழிச்சாலையில் தூரத்து ஊரின் விளக்கைப் பார்க்கும்போது நடுவில் எத்தனை லாரி நிற்கிறது என்பது மாதிரி. அந்தத் தற்செயலைக் கணிதச் சமன்பாடாக்கி, ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து மேகங்களைப் பற்றிக் கணக்கிட முடியும் என்று சந்திரசேகரும் மியூன்சும் காட்டினார்கள். மேகத்தை நேரடியாகப் பார்க்க வேண்டாம். அது எதை மறைக்கிறது என்று பார்த்தால் போதும்.

1999 ஜூலை 23இல் நாசா அனுப்பிய எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு அவர் நினைவாக 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள். 2003 ஜனவரி 5 அன்று சனிக் கோளின் நிலாவான டைட்டன், எக்ஸ் கதிர் வீசும் நண்டு நெபுலாவுக்குக் குறுக்கே போனது. சந்திரா அந்தச் சின்ன நிழலைப் பிடித்தது. டைட்டன் தரையின் அளவு ஏற்கெனவே தெரியும். நிழல் அதைவிடப் பெரிதாக இருந்தது. கூடுதலாக மறைத்தது டைட்டனின் காற்று. அதை வைத்து அங்கே வளிமண்டலம் எவ்வளவு உயரம் பரவியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

எக்ஸ் கதிரைத் தூசி மறைக்கவில்லை

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே நம் உடம்பையே ஊடுருவிப் போகிறது. புகை மாதிரியான ஒரு மேகம் அதை எப்படி மறைக்கும்?

எக்ஸ் கதிர் என்பது ஒரே சரக்கு இல்லை. வீரியத்தைப் பொறுத்து ரகம் ரகமாக இருக்கிறது. இந்தக் கதையில் வருவது 'மென் எக்ஸ் கதிர்', அதாவது சுமார் கால் கிலோ எலக்ட்ரான் வோல்ட் வீரியம் உள்ளது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட நூறு மடங்கு வீரியம். ஆனால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயோ இதைவிட நூறு மடங்குக்கும் மேல். எக்ஸ் கதிர் குடும்பத்தில் இது நோஞ்சான் பிள்ளை. ஒரு சாண் காற்று குறுக்கே இருந்தாலே போய்ச் சேராது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசித் துகள்கள் சிதறடித்தும் விழுங்கியும் மறைக்கின்றன. மென் எக்ஸ் கதிரை மறைப்பதோ பெரும்பாலும் வாயு. ஒரு எக்ஸ் கதிர்த் துணுக்கு அணுவில் மோதும். அணு அதை அப்படியே விழுங்கி, பதிலுக்கு ஒரு எலக்ட்ரானை வெளியே தூக்கி எறியும். கதிர் அங்கேயே காலி. கால் கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கின்றன. வீரியம் கொஞ்சம் கூடினால் கார்பன், ஆக்சிஜன், இரும்பு என்று கனமான அணுக்களின் முறை. இன்னும் பல மடங்கு கூடினால் கதிர் மேகத்தைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். பால்வீதியின் மையத்தைச் சாதாரணத் தொலைநோக்கியால் பார்க்க முடியாது, சந்திராவால் முடிகிறது என்பதற்கு அதுதான் காரணம்.

'மேகம் அவ்வளவு அடர்த்தியா?' என்று கேட்டால், இல்லவே இல்லை. ஒரு கன சென்டிமீட்டரில் நூறு அணு என்று வைத்துக்கொள்வோம். நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது வெற்றிடத்துக்கும் வெற்றிடம். ஆனால் மேகத்தின் தடிமன் ஒளியாண்டுக் கணக்கு. ஒரு ஒளியாண்டு என்றால் சுமார் 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். அத்தனை தூரத்தையும் கதிர் கடந்து வரும்போது வழியில் குறுக்கிடும் அணுக்களை எண்ணிக் கூட்டினால், நம் ஊர்க் காற்றில் வெறும் நாலு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான் வரும். மென் எக்ஸ் கதிரில் பெரும்பகுதியை நிறுத்த அதுவே போதும்.

இதில் இன்னொரு சங்கதியும் அடங்கியிருக்கிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியாத மெல்லிய மேகம்கூட மென் எக்ஸ் கதிருக்குக் கறுப்பு. பின்னால் இருக்கும் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். எக்ஸ் கதிர் மட்டும் மங்கிவிடும்.

பிளாட்பாரத்தில் ஒரு சோதனை

திரும்ப மணியாச்சிக்கு வருவோம். இரவு. கிழக்கே வானம் லேசாக வெளுத்திருக்கிறது. இது தூரத்தில் இருக்கும் தூத்துக்குடி விளக்குகளின் வெளிச்சமா, இல்லை பிளாட்பார விளக்கு பக்கத்துத் தூசியில் பட்டுத் தெரிகிறதா? நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி வெளுப்புதான்.

இப்போது ஒரு கிலோமீட்டர் தள்ளி யாரோ கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள், புகை தூண் மாதிரி எழும்புகிறது என்று வையுங்கள். புகை நிற்கும் இடத்தில் மட்டும் வானம் கறுத்தால், வெளிச்சம் புகைக்குப் பின்னால் இருந்து, தூரத்திலிருந்து வருகிறது. புகை இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒரே வெளுப்பாக இருந்தால் வெளிச்சம் புகைக்கு இந்தப் பக்கம். பாதி கறுத்தால்? பாதி அங்கே, பாதி இங்கே. புகை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும், வெளிச்சத்தின் விலாசம் கிடைத்துவிடும்.

எக்ஸ் கதிர் வானியலில் நடந்தது அச்சு அசல் இதுதான்.

1962 ஜூன் 18. நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்க ரிக்கார்டோ ஜக்கோனி குழுவினர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு ராக்கெட்டை ஏவினார்கள். காற்றைத் தாண்டி மேலே அது இருந்தது சில நிமிடம். நிலா சிக்கவில்லை. சிக்கியது வேறு இரண்டு. விருச்சிகத்தில் ஒரு பிரகாசமான எக்ஸ் கதிர் மூலம்; கூடவே வானம் முழுக்கப் பரவிய ஒரு வெளுப்பு. 2002இல் ஜக்கோனிக்கு நோபல் பரிசு கிடைக்க இந்தப் பயணமும் ஒரு காரணம். வீரியம் கூடிய வெளுப்பில் பெரும்பகுதி, வெகுதூரத்து அண்டங்களின் மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகளின் வேலை என்று பிற்பாடு தெளிவானது. தகராறு வந்தது 1968இல் தெரியவந்த மென் எக்ஸ் கதிர் வெளுப்பில்தான்.

அது எங்கிருந்து வருகிறது? அண்டத்துக்கு வெளியே இருந்தா என்று பார்க்க, 1971இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழுவினர் ராக்கெட்டில் போய் சிறிய மெகல்லன் மேகத்தின் நிழலைத் தேடினார்கள். அது நம் பால்வீதிக்கு வெளியே சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் குட்டி அண்டம். எதிர்பார்த்த நிழல் விழவில்லை. அப்போது வெளிச்சம் அதற்கு இந்தப் பக்கம், நம் வீட்டுக்குள்ளே.

வீட்டுக்குள் எங்கே என்பதில் இரண்டு கட்சி. சூரியனைச் சுற்றியே பத்து லட்சம் டிகிரி சூட்டில் ஒரு வாயுக் குமிழி இருக்கிறது, வெளிச்சம் எல்லாம் அதன் உள்ளிருந்துதான் என்றது ஒரு கட்சி. பால்வீதித் தட்டுக்கு மேலே, தூரத்தில் இருக்கும் சூடான வாயுவிலிருந்து வருகிறது, நடுவில் இருக்கும் மேகங்கள் அங்கங்கே மறைக்கின்றன என்றது மற்றொன்று. 80களின் முடிவில் குமிழிக் கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் நல்ல நிழல் ஒன்றைப் படம்பிடித்தவர் யாரும் இல்லை. ராக்கெட் கருவிகளின் பார்வை அவ்வளவு மங்கல்.

டிராகோ சொன்ன தீர்ப்பு

1990 ஜூன் 1இல் ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் கூட்டு முயற்சியில் ரோசாட் செயற்கைக்கோள் ஏறியது. அதே மாதம் 29ஆம் தேதி அது நிலாவைப் படம் எடுத்தது. ஜக்கோனி தேடிப்போய் 28 வருஷம் கழித்து. சூரிய ஒளி படும் பாதி எக்ஸ் கதிரில் மின்னுகிறது. இருண்ட பாதியோ பின்னால் இருக்கும் எக்ஸ் கதிர் வானத்தில் கறுப்பாகக் கத்தரித்து வைத்த மாதிரி நிற்கிறது. வானமே ஒளிர்கிறது, அதை மறைக்க ஒரு பொருள் போதும் என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது.

அடுத்து வடக்கே திரும்பினார்கள். டிராகோ விண்மீன் குழுவில் ஒரு மெல்லிய மேகம் இருக்கிறது. (மணியாச்சியில் தெற்கே கரிச்சாக்கு இறங்கிய பிறகு வடக்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே பாதிக்குச் சற்றுக் கீழே பார்த்தால் அந்தத் திசைதான். ஆனால் மேகம் கண்ணுக்குச் சிக்காது.) ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால், பால்வீதித் தட்டுக்கு நன்றாக மேலே அது மிதக்கிறது. சூரியனைச் சுற்றிய குமிழி என்று யார் சொன்னாலும் அவ்வளவு தூரம் அது நீளாது. வெளிச்சம் எல்லாம் குமிழிக்குள்ளே என்றால் டிராகோ மேகத்துக்கு நிழலே இருக்கக் கூடாது.

நிழல் இருந்தது. 1991இல் ஸ்டீவன் ஸ்னோடன் குழுவினர் 'சயின்ஸ்' இதழிலும், பர்ரோஸ், மெண்டன்ஹால் இருவரும் 'நேச்சர்' இதழிலும் தனித்தனியாக எழுதினார்கள். மேகம் இருக்கும் இடத்தில் மென் எக்ஸ் கதிர் சுமார் பாதியாகக் குறைகிறது. மேகத்தின் வடிவமும் நிழலின் வடிவமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. ஆக, அந்தத் திசையில் வரும் வெளிச்சத்தில் பாதி மேகத்துக்குப் பின்னால் இருந்து வருகிறது. பால்வீதித் தட்டுக்கு மேலே பத்து லட்சம் டிகிரி வாயு இருக்கிறது.

அப்படியென்றால் குமிழிக் கட்சி தோற்றதா? அதுவும் இல்லை. மீதிப் பாதி மேகத்துக்கு முன்னால் இருக்கிறதே. 1993இல் ஸ்னோடனும் மற்றவர்களும் எம்பிஎம் 12 என்ற வேறொரு மேகத்தைப் பார்த்தார்கள். டிராகோவைவிட நமக்குக் கிட்டத்தில் இருப்பது. கால் கிலோ எலக்ட்ரான் வோல்ட் வெளிச்சத்தில் அதற்கு நிழல் இல்லை என்றே சொல்லலாம். அந்தத் திசையில் கிட்டத்தட்ட எல்லா வெளிச்சமும் நம் பக்கம். இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி; பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரியே.

நடுவே புகுந்த வால்நட்சத்திரம்

கதை அங்கே முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். 1996இல் ஹியாகுடாகே வால்நட்சத்திரம் பூமிக்கு அருகே வந்தது. ரோசாட் அதைப் பார்த்தபோது அது எக்ஸ் கதிரில் ஒளிர்ந்தது. பனிக்கட்டி உருண்டைக்கு எக்ஸ் கதிர் ஏது? விடை சூரியக் காற்று. சூரியனிலிருந்து பாயும் மின்னேற்ற அணுக்கள் வால்நட்சத்திர வாயுவிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கின்றன. அந்த வேகத்தில் எக்ஸ் கதிர் வெளியாகிறது.

இது குமிழிக் கட்சியின் வயிற்றில் புளியைக் கரைத்தது. சூரிய மண்டலத்துக்குள் எங்கே பார்த்தாலும் மெல்லிய வாயு இருக்கிறது, சூரியக் காற்றும் இருக்கிறது. அப்போது 'நம் பக்கத்து வெளிச்சம்' என்று கொண்டாடியது எல்லாமே நம் வாசல் விளக்கா? பத்து லட்சம் டிகிரி குமிழி என்று ஒன்றே கிடையாதா? நிழல் சோதனையால் இதற்கு விடை சொல்ல முடியாது. இரண்டுமே மேகத்துக்கு இந்தப் பக்கம்தான். மற்ற எல்லா இடத்திலும் அழகாக வேலை செய்த உத்தி இங்கே கைவிரித்துவிட்டது.

2012 டிசம்பரில் மயாமி பல்கலைக்கழகத்தின் மாசிமிலியானோ கலியாட்சி குழுவினர் இதற்காகவே ஒரு சின்ன ராக்கெட்டை அனுப்பினார்கள். மேலே இருந்தது சில நிமிடம்தான். சூரியக் காற்றின் வெளிச்சம் கூடுதலாக இருக்க வேண்டிய திசையை மட்டும் குறிவைத்து அளந்தார்கள். 2014இல் முடிவு வந்தது. பால்வீதித் தட்டின் திசையில் வரும் மென் எக்ஸ் கதிரில் சுமார் 40 சதவீதம் சூரியக் காற்றின் கைங்கரியம். மிச்சம் குமிழி. குமிழி பிழைத்துக்கொண்டது.

அந்தக் குமிழிக்குள்தான் நாம்

மென் எக்ஸ் கதிர் எங்கிருந்து வந்தால் நமக்கென்ன என்று தோன்றலாம். குமிழி ஏன் அங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். வெற்றிடத்தில் வாயுவைப் பத்து லட்சம் டிகிரிக்குச் சூடாக்க நட்சத்திரங்கள் வெடிக்க வேண்டும். ஒன்றல்ல, பல.

2022இல் 'நேச்சர்' இதழில் கேத்தரின் சுக்கர் குழுவினர் போட்ட கணக்கின்படி, சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறக்குறைய 15 நட்சத்திரங்கள் வெடித்திருக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் சுற்றியிருந்த வாயுவை வெளியே தள்ளித் தள்ளி, ஆயிரம் ஒளியாண்டு அகலத்துக்கு ஒரு குழியை உண்டாக்கின. தள்ளப்பட்ட வாயு ஓரத்தில் சேர்ந்து குளிர்ந்து இருண்ட மேகங்களாகிவிட்டது. கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒபியூகஸ் மேகம், ரிஷபத்தில் இருக்கும் மேகம் எல்லாம் அந்தக் குமிழியின் தோல் மேல்தான் இருக்கின்றன. அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. வெளிச்சத்தை மறைக்கும் மேகத்தைத் தள்ளி வைத்ததே அந்த வெளிச்சத்தை உண்டாக்கிய வெடிப்புதான். சூரியன் இதற்குள் பிறக்கவில்லை. வழிப்போக்கன் மாதிரி சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உள்ளே நுழைந்திருக்கிறது.

வெடிப்பின் மிச்சம் பூமியிலேயே கிடைத்திருக்கிறது. இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பு பூமியில் தானாக உருவாகாது. பூமி பிறந்தபோது இருந்தது எப்போதோ சிதைந்து போயிருக்கும். ஆனால் பசிபிக் கடலடிப் பாறை அடுக்கில், 20 - 30 லட்சம் ஆண்டுக்கு முந்தைய படிவில் அது இருக்கிறது. பக்கத்தில் எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்து, அந்தச் சாம்பல் கடலில் விழுந்திருக்கிறது.

குமிழிக்குள் பத்து லட்சம் டிகிரி என்றால் நாம் ஏன் வேகவில்லை? ஒரு லிட்டர் இடத்தில் நாலைந்து எலக்ட்ரான்தான் இருக்கும். சூடு உண்டு, சுட ஆள் இல்லை.

இந்தியா எங்கே நிற்கிறது?

ஆரம்பத்தில் முன்வரிசையில்தான் நின்றது. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் ஏறிய தும்பாவிலிருந்து, அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே யு.ஆர். ராவ் தலைமையில் அகமதாபாத் விஞ்ஞானிகள் எக்ஸ் கதிர் கருவிகளை அனுப்பினார்கள். 1975 ஏப்ரல் 19இல் ஏறிய ஆர்யபட்டாவிலும் ஒரு எக்ஸ் கதிர் சோதனை இருந்தது. சில நாளில் மின்சாரக் கோளாறால் நின்றுபோனது. 2015 செப்டம்பர் 28இல் ஆஸ்ட்ரோசாட், 2024 ஜனவரி 1இல் எக்ஸ்போசாட் என்று இப்போது நமக்கென்று எக்ஸ் கதிர் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன.

ஆனால் இந்த நிழல் வேட்டைக்கு அவை தோதானவை அல்ல. ஆஸ்ட்ரோசாட்டில் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையம் கட்டிய மென் எக்ஸ் கதிர் தொலைநோக்கி 0.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான் பார்க்கும். நம் கதையின் வெளிச்சம் அதற்குச் சற்றுக் கீழே. தவிர, கருந்துளை, நியூட்ரான் விண்மீன் மாதிரித் தனித்தனி மூலங்களை உற்றுப் பார்க்கச் செய்த கருவி அது. வானம் முழுக்கப் பரவிய மங்கலான வெளுப்பை அளக்க வேறு மாதிரிக் கருவி வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியாயிற்று. சிறிய செயற்கைக்கோள்களை ஏவுவதற்கான தளம். 2012இல் அந்த 40 சதவீதத்தைக் கண்டுபிடித்தது சில நிமிடம் பறந்த ஒரு சின்ன ராக்கெட் என்பதை இங்கே யாராவது ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

நிழலைப் படம்பிடித்த ரோசாட் 1999இல் ஓய்ந்தது. 2011 அக்டோபர் 23 அன்று இந்திய நேரப்படி காலை 7.20 மணிவாக்கில் வளிமண்டலத்தில் நுழைந்து வங்காள விரிகுடாவுக்கு மேல் விழுந்தது.

அதன் வாரிசு ஈரோசிட்டா. ஜெர்மனி செய்தது, 2019 ஜூலை 13இல் ரஷ்யத் தொலைநோக்கி ஒன்றோடு சேர்ந்து ஏறியது, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று முழு வானத்தையும் அளந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஜெர்மனி அதை நிறுத்தி வைத்துவிட்டது. அதுவரை சேர்ந்த தரவுகளைத்தான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ராட்சத மேகங்களின் நிழல்களை 2023இல் அளந்தார்கள். 2024இல் குமிழியின் முப்பரிமாண வரைபடம் வந்தது. அதில் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. குமிழியின் சுவரில் ஒரு திறப்பு. சூடான வாயு நிரம்பிய ஒரு சுரங்கம் மாதிரி அது வெளியே நீள்கிறது, பக்கத்துக் குமிழி எதையாவது தொடுகிறதா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். ஹெர்ஷல் சொன்ன ஓட்டை இல்லை இது, ஆனால் ஓட்டைதான்.

அது இருக்கும் திசை சென்டாரஸ் விண்மீன் குழு. மணியாச்சியிலிருந்து பார்த்தால் திரிசங்குவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு நிற்கும் நட்சத்திரங்கள். வைகாசி முதல் வாரத்தில் நள்ளிரவு தாண்டினால் கரிச்சாக்கோடு சேர்ந்து அவையும் தென்மேற்கில் இறங்க ஆரம்பித்துவிடும். பார்ப்பதாக இருந்தால் பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும்.